ஒரு தடவைக்கு ஒரு திருகு

(கிளப் ஹவுஸில் நடந்த நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பேசுவார்கள். நான் எழுதிக்கொள்வேன், கூட்டுவேன், டோக்கன் நம்பரைக் கூப்பிடுவேன். இன்று எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய அஜெண்டாவில் நான்காவது விஷயம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வளாகத்துக்குள் ரிமோட் கார்களைத் தடை செய்வது. கை தூக்குவதற்கு முன்னால், அது என்ன வண்டி, எப்படி ஓடுகிறது, ஆபத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நானாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நடுவில் சொல்கிறேன்.

மேஜை மேல் இருப்பதுதான் வண்டி. நிஜ பந்தய டிரக்கில் பத்தில் ஒரு பங்கு அளவு. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் மோட்டார் சக்தி போகும். என் மாப்பிள்ளை துபாயிலிருந்து வரும்போது, ஒன்பதாவது படிக்கும் என் பேரனுக்காக வாங்கி வந்தார். பேரன் பெட்டியைப் பிரித்தான். உள்ளே இருந்த கையேட்டை நான் படிக்க ஆரம்பித்தேன். மாட்டிக்கொண்டது நான்தான்.

இது பொம்மை இல்லை. இதற்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1979-ல் மண்ணில் ஓடும் ரிமோட் பக்கிகளை விற்க ஆரம்பித்தது. 1984-ல் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் என்ற கம்பெனி, ஆர்சி 10 என்ற வண்டியைப் பந்தயத்துக்கென்றே செய்தது. அந்தக் காலத்தில் அங்கே மிக்கி தாம்ப்சன் என்பவர் விளையாட்டு அரங்கங்களுக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் அமைத்து, நிஜ டிரக்குகளை ஓடவிட்டுப் பந்தயம் நடத்தினார். அதைப் பார்த்துச் சின்ன டிரக்குகளும் வந்தன. 2008-ல் டிராக்ஸஸ் கம்பெனியின் ஸ்லாஷ் வந்த பிறகு, இந்த மேஜை மேல் இருக்கும் வகை, அதாவது சக்கரத்தை மூடின மாதிரி பெரிய பம்பர் வைத்த டிரக், உலகம் முழுக்கப் பரவியது.

இப்போது ஆபத்தைப் பற்றி. இந்த வண்டி நேர் பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டர் போகும். இது எவ்வளவு வேகம் என்று நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரு பொருள் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது அந்த வேகத்தில்தான் இருக்கும். பத்து மீட்டர் என்றால் நம் மூன்றாவது மாடி பால்கனி. அங்கிருந்து இரண்டு கிலோ பூந்தொட்டி விழுந்தால் என்ன ஆகுமோ, அதுதான் முழு வேகத்தில் வரும் இந்த வண்டி காலில் மோதினால் ஆகும். ஆகவே தடை வேண்டும் என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயம் நியாயம்.

அதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வேகம் பாதியானால் உயரம் பாதி ஆகாது, கால் பங்காகும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டரை மீட்டர். 15 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைவிடக் குறைவு. வேகத்தைக் கட்டுப்படுத்த முடிந்தால் ஆபத்து அதைவிட வேகமாகக் குறைகிறது. பல வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே பழகுபவர்களுக்கென்று ஒரு நிலை உண்டு. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து, விளக்கு மின்னும் கணக்கைப் பார்த்து விட்டால், மோட்டாருக்குப் பாதி சக்திதான் போகும். பெட்டியைப் பிரித்த அன்றே இதைச் செய்ய வேண்டும். எத்தனை வீட்டில் செய்திருக்கிறோம்? நான் செய்யவில்லை.

அடுத்தது ரிமோட். இங்கேதான் நான் சொல்வதாகச் சொன்ன காரணம் வருகிறது.

ஒரு விதி. வண்டியை ஓட்ட ஆரம்பிக்கும்போது முதலில் ரிமோட் ஆன், பிறகு வண்டி ஆன். முடிக்கும்போது முதலில் வண்டி ஆஃப், பிறகு ரிமோட் ஆஃப். ஸ்ட்ராங் ரூமைப் பூட்டுவதற்கு முன்னால் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவோமா? அதே விஷயம்தான். வண்டிக்கு உயிர் இருக்கும் வரை அதை அதட்ட ஒரு ஆள் முழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது விதி. ரிமோட்டின் சிக்னல் திடீரென்று அறுந்துபோனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இதற்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். சிக்னல் போனால் நின்றுவிடு என்று சொல்லி வைப்பதுதான் சரி. சில ரிமோட்டுகளில், ரிமோட்டையும் வண்டியில் இருக்கும் ரிசீவரையும் முதன்முதலில் ஜோடி சேர்க்கும்போது ட்ரிகர் எந்த நிலையில் இருக்கிறதோ, அதையே வண்டி ஃபெயில்சேஃபாக ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

போன ஆகஸ்டில் எங்கள் பழைய ரிமோட் உடைந்துபோனது. வேறொன்று வாங்கினேன். கையேட்டைப் பாதி படித்துவிட்டு நானே ஜோடி சேர்த்தேன். அப்போது என் விரல் ட்ரிகரில் லேசாக அழுந்தியிருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பி பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் பாதையில் ஓட்டி முடித்தோம். பேரன் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனான். ரிமோட் என் கையில். பேட்டரி வீணாகிறதே என்று ரிமோட்டை முதலில் ஆஃப் செய்தேன். பதினைந்து அடி தள்ளி நின்ற வண்டி கிளம்பிவிட்டது.

பி பிளாக் முதல் மாடி அம்மா வாக்கிங் வந்துகொண்டிருந்தார். கணுக்காலில் மோதியது. தடுமாறிச் செடிப்பாத்தித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் கால் வீங்கி, பத்து நாள் அவரால் கீழே இறங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்தபோது வண்டியைப் பிடிக்க ஓடியது என் பேரன். வண்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதும் அவன். பதினாலு வயசுப் பையன், ரிமோட் கார், அடிபட்ட பெரியவர். மிச்சத்தை எல்லோரும் தாங்களே கூட்டிக்கொண்டார்கள். அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் வந்ததையெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். ரிமோட் என் ஜிப்பா பையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "தாத்தா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சங்கத்துல எல்லாரும் உங்கள மதிக்கிறாங்க" என்றான். அதைக் கேட்டும் நான் சும்மா இருந்தேன். மூன்று வாரம்.

அன்று ரிமோட்டைப் பிடித்திருந்தது என் பேரன் இல்லை. நான். இதை இந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் பேச நேரம் கேட்டேன்.

முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காப்பி கொடுத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும் சார். பையன் தண்ணி பாட்டிலோட அந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வந்தான். நீங்களே வந்து சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, எல்லோர் முன்னிலையிலும் மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேரனிடம் வீட்டிலேயே கேட்டுவிட்டேன்.

ஆகவே சோதனை. ஒவ்வொரு தடவை ஓட்டுவதற்கு முன்னாலும், வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். ட்ரிகரை லேசாக அழுத்தி, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். சக்கரம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்கு வண்டி கீழே இறங்கக் கூடாது. அரை நிமிட வேலை. நான் செய்யாமல் விட்ட அரை நிமிடம்.

இனி வண்டியை எப்படிச் சரி செய்து ஓட்டுவது என்று சொல்கிறேன். குழந்தைகள் இதற்காகத்தான் இத்தனை நேரம் பொறுமையாக இருக்கிறார்கள்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கலாம். இதில் இருப்பது லிப்போ என்ற லித்தியம் வகை, இரண்டு செல். ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் லிப்போவுக்கான நிலையைத் தேர்ந்தெடுத்து வைத்தால் அதுவே சமயத்தில் நிறுத்திவிடும். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜரில் இதற்கென்றே ஸ்டோரேஜ் என்று ஒரு தேர்வு இருக்கும். சார்ஜ் செய்யும்போது செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் முறையில்தான் செய்ய வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். சீக்கிரம் ஆகட்டும் என்று ஏற்றக் கூடாது.

இதிலும் என் தப்பு ஒன்று உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துவிட்டு, கோடை முழுக்க மறந்துவிட்டேன். புடவை எடுக்கப் போன என் மனைவி, "இது என்ன, பூரி மாதிரி உப்பியிருக்கு?" என்று கொண்டுவந்தாள். உப்பின பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அதிலிருந்து நான் பால்கனியில், வெறும் டைல்ஸ் தரையில், மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது கிடையாது. பேஸ்மெண்டில் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுபவர்களும் கவனியுங்கள். அதுவும் லித்தியம் குடும்பம்தான்.

அடுத்தது பல்சக்கரம். மோட்டாரின் மேல் இருக்கும் சின்னது பினியன். அது சுற்றிவிடும் பெரியது ஸ்பர். இரண்டும் சரியான நெருக்கத்தில் இருக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் கத்தும், சூடாகும். இடைவெளி விட்டால் பற்கள் வழித்துக்கொண்டு போய்விடும். நான் முதல் வாரமே ஒரு ஸ்பரை வழித்தவன். சுலபமான வழி, நோட்டுப் புத்தகத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து இரண்டுக்கும் நடுவில் கொடுத்து, மோட்டாரைச் சேர்த்து அழுத்தித் திருகை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்பரை விரலால் ஆட்டினால் மெல்லிசாக டிக் டிக் என்று ஒரு ஆட்டம் இருக்க வேண்டும். நான் வீட்டில் மிஞ்சியிருந்த பழைய பே-இன் ஸ்லிப்பைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறேன். அளவு சரியாக இருக்கிறது.

எத்தனை பல் வைக்க வேண்டும் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. என் வண்டியில் ஸ்பர் 86 பல், பினியன் 19 பல். 86-ஐ 19-ஆல் வகுத்து, உள்ளே இருக்கும் கியர் விகிதமான 2.72-ஆல் பெருக்கினால் 12.3. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 12.3 சுற்று சுற்ற வேண்டும். வேகம் வேண்டும் என்று பேரன் 23 பல் பினியன் போட்டான். விகிதம் 10.2 ஆனது. நேர் பாதையில் பறந்தது. ஐந்து நிமிடத்தில் மோட்டார் வாசனை வந்தது.

சூட்டை அளக்க, கொரோனா சமயத்தில் கேட்டில் நெற்றிக்குக் காட்டிய துப்பாக்கியைச் செக்யூரிட்டி அறையிலிருந்து வாங்கி வந்தேன். அது காய்ச்சல் பார்க்கத்தான். 43 டிகிரிக்கு மேலே போனதும் 'ஹை' என்று காட்டிவிட்டுக் கையை விரித்துவிட்டது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் வகை ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. மோட்டார் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டி 96 காட்டியது. பின்பக்கம் இருக்கும் காலி மனை சின்னது, வளைவுகள் கிட்டக்கிட்ட வரும். அதற்கு 18 பல்தான் பொருத்தம், விகிதம் 13. உச்ச வேகம் குறைந்தது. மோட்டார் சூடு 64-க்கு வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஒரு சுற்று முடிக்கும் நேரமும் குறைந்தது. வளைவிலிருந்து வெளியே வரும் இழுப்புதான் இந்த மாதிரி இடத்தில் முக்கியம்.

ஸ்பருக்குப் பக்கத்தில் ஒரு நட்டும் ஸ்பிரிங்கும் தெரிகிறதா? அது ஸ்லிப்பர் கிளட்ச். வண்டி எகிறிக் குதித்துத் தரையில் விழும்போது வரும் அதிர்ச்சி பற்களுக்குப் போகாமல், கொஞ்சம் வழுக்கிவிடுவது அதன் வேலை. நட்டை முழுதாக இறுக்கிவிட்டு, அரைத் திருப்பு தளர்த்துங்கள். நின்ற இடத்திலிருந்து ஒரேயடியாகக் கிளப்பினால், முதல் ஒரு அடி இரண்டு அடி தூரத்துக்கு மெல்லிய ஊளைச் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். பத்தடிக்கு ஊளையிட்டால் தளர்ச்சி அதிகம், கிளட்ச் வெந்துவிடும்.

இப்போது ஷாக் அப்சார்பர். நான்கும் எண்ணெய் நிரப்பிய குழாய்கள். உள்ளே சின்னத் துளைகள் போட்ட ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். சிலிகான் எண்ணெயை ஊற்றிவிட்டு, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கினால் காற்றுக் குமிழ்கள் மேலே வரும். நுரை அடங்கும் வரை காத்திருந்து மூடுங்கள். குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டால் ஒரு சமயம் ஒரு மாதிரி ஓடும். எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு எண் உண்டு. சூட்டில் எண்ணெய் இளகும். மார்கழியில் 30 எண் சரியாக இருந்தால், சித்திரை வெயிலில் அதே வண்டி பந்து மாதிரி துள்ளும். அப்போது 35 அல்லது 40 போட வேண்டும். சோதிக்க, வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமமாகத் தரையில் விடுங்கள். 'தப்' என்று உட்கார்ந்து அடங்க வேண்டும். துள்ளினால் எண்ணெய் போதாது. வயிறு பலமாகத் தரையில் இடித்தால் ஸ்பிரிங் மெத்து.

ஸ்பிரிங்குக்கு மேலே மாட்டும் வளையங்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம். வளையத்தைச் சேர்த்தால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நாற்காலிக்குக் கீழே செங்கல் வைத்தால் நாற்காலி உயரும், மெத்தை கடினமாகாது. வளையம் உயரத்துக்கு மட்டும்தான். பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். அது எழுந்து நின்ற பிறகு, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு தண்டுகளும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இடதும் வலதும் ஒன்று போல இருக்க வேண்டும். டெபிட்டும் கிரெடிட்டும் மாதிரி, இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால் எங்கோ தப்பு.

சக்கரத்தை முன்னாலிருந்து பாருங்கள். அதன் தலை உட்பக்கமாக 1 அல்லது 2 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இதுதான் கேம்பர். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தைத் தரையில் நிறுத்தி, மேலே தெரியும் இடைவெளியைப் பார்த்தால் போதும். மேலேயிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், அல்லது மிக லேசாக வெளிப்பக்கம் பார்க்கலாம். பின் சக்கரங்கள் உட்பக்கம் சுமார் 3 டிகிரி பார்க்கும். அது பெரும்பாலும் கம்பெனியிலேயே வைத்து அனுப்பியது, தொட வேண்டாம்.

திரும்பச் சொன்னால் நேராகப் போகிறதா? முன்பக்க ஸ்பிரிங்கை ஒரு படி மெத்தாக்குங்கள். வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடுகிறதா? பின்பக்கத்தை மெத்தாக்குங்கள், அல்லது பேட்டரியைப் பின்னால் தள்ளி வையுங்கள். பொதுவாக எந்தப் பக்கம் மெத்தென்று இருக்கிறதோ அந்தப் பக்கம் மண்ணைப் பிடிக்கும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். பாதி வண்டி டயர்தான். நம் மனையில் இருப்பது செம்மண். காய்ந்து புழுதியாக இருக்கும்போது நீள முள் டயர் வேண்டும். தண்ணீர் தெளித்து மிதித்துக் கெட்டியானால் குட்டை முள் போதும். டயரை விளிம்பில் ஒட்டியிருக்கும் பசை விட்டிருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். விட்டிருந்தால் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு.

குதிக்கும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள். அந்தரத்தில் வேகம் கொடுத்தால் மூக்கு மேலே தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு கீழே இறங்கும். பயந்து பிரேக் பிடிப்பதால்தான் புதியவர்களின் வண்டி குப்புற விழுகிறது. இந்த வகை டிரக்கின் மேல்கூடு பாராசூட் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். பின் பம்பரில் இரண்டு துளை வெட்டினால் காற்று வெளியே போய்விடும். பிறகு, திருகுகள். உலோகத்துக்குள் போகும் உலோகத் திருகுக்கு மட்டும் த்ரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் அதை வைக்காதீர்கள், வெடிப்பு விட்டுவிடும். ஓட்டி முடித்ததும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் புழுதியைத் தட்டுங்கள். குழாயடியில் காட்ட வேண்டாம்.

இத்தனையும் சொன்னேன். ஆனால் இவையெல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஒன்றும் புரியாது. ஆரம்பத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். எண்ணெய், ஸ்பிரிங், டயர், பினியன் எல்லாம் ஒரே சாயங்காலம். வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது. எதனால் என்று எப்படிச் சொல்வது? கேஷ் டேலி ஆகாத நாளில் நாலு பேர் நாலு கட்டைப் பிரித்தால் என்ன ஆகும், அதே கதிதான். அதற்குப் பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். தேதி, வெயில், மண் ஈரமா காய்ந்ததா, என்ன மாற்றினோம், ஐந்து சுற்றின் சராசரி நேரம், மோட்டார் சூடு. ஒரு தடவைக்கு ஒரு திருகு. நேரம் குறைந்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் பழையபடி திருப்பிவிடுவோம். என் பேரன் அந்த நோட்டில் எழுதும் கையெழுத்து, அவனுடைய பள்ளி நோட்டில் இருப்பதைவிட அழகாக இருக்கிறது.

ஆகஸ்டுக்குப் பிறகு நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறோம். வங்கியில் வவுச்சரை எழுதியவரே அதைப் பாஸ் செய்ய முடியாது. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். 36 வருடம் அதைப் பின்பற்றிய நான், ரிமோட்டை ஜோடி சேர்த்த அன்று நானே செய்து நானே சரி என்று வைத்துக்கொண்டேன். இப்போது நான் செய்ததை அவன் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறான், அவன் செய்ததை நான்.

தீர்மானத்துக்கு வருகிறேன். பாதையிலும், கார் பார்க்கிங்கிலும், வராண்டாவிலும் இந்த வண்டிகள் கூடவே கூடாது. அந்த அளவுக்குத் தடையை நானே முன்மொழிகிறேன். ஆனால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காலி மனையை, ஞாயிறு சாயங்காலம் நாலரை மணி முதல் ஆறு மணி வரை பிள்ளைகளுக்கு விடலாம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் ரிமோட் சோதனை எல்லோர் கண் முன்னாலும் நடக்க வேண்டும். புதியவர்கள் பாதி சக்தியில்தான் ஓட்ட வேண்டும். சேதம் ஏதாவது ஆனால் அந்த வீட்டார் பொறுப்பு. பிளம்பிங் வேலையில் மிஞ்சிய குழாய்களைப் பாதையின் எல்லையாகப் போட்டுக்கொள்கிறோம். மண்மேடு நாங்களே கட்டுகிறோம். சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இந்த வளாகத்தில் பதினாலு வயசுப் பையன்கள் செல்போனைக் குனிந்து பார்க்காமல் தாத்தாவோடு தரையில் உட்கார்ந்து திருகு முடுக்குவதைப் பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

வாக்கெடுப்பில் நான் கை தூக்கப் போவதில்லை. இந்த வவுச்சரை எழுதியவன் நான். பாஸ் செய்ய வேண்டியது நீங்கள்.